கூப்பர்ஸ் வீட்டுப் பியர்ப் பெட்டி: ஐந்து வருடம் கையாண்ட பிறகு

எங்கள் கராஜின் மூலையில், அரிசி மூட்டைக்கும் மகனுடைய பழைய சைக்கிளுக்கும் நடுவே, 23 லீற்றர் பியர் போடும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று ஐந்து வருடமாக நிற்கிறது. அவுஸ்திரேலியாவில் செப்டெம்பர் மாதத்தில் வரும் தந்தையர் தினத்துக்கு மகன் தன் அப்பாவுக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்த, கூப்பர்ஸ் என்ற இந்நாட்டுப் பியர் நிறுவனத்தின் வீட்டுப் பியர்ப் பெட்டியில் வந்தது அது. கணவர் பெட்டியைத் திறந்தார், உள்ளே இருந்த தாளை இரண்டு முறை வாசித்தார், எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி மூடினார். "இதற்குப் பொறுமை வேண்டும். அது உம்மிடம்தான் இருக்கிறது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பியர் போடுவது நான்தான். இதுவரை முப்பத்தொரு தொட்டி போட்டிருக்கிறேன். நான்கு தொட்டிகளைப் புல்லில் ஊற்றினேன். மீதி எல்லாம் குடிக்கப்பட்டது, சில மிகுந்த ஆசையோடு.

இதை வாங்கலாமா என்று அடிலெய்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொட்டி, அதன் மேல் நுரை பொங்கி வழியாமல் தாங்கும் வளையம், மூடி, அடியில் திருகும் குழாய், நீளக் கரண்டி, நீரமானி, போத்தலில் நிரப்பும் குழல், 740 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல்கள் முப்பது, சீனி வில்லைகள் ஒரு பை. இவற்றோடு லாகர் என்ற லேசான பியருக்கான 1.7 கிலோ டின் ஒன்று, அதில் சேர்க்க ஒரு கிலோ சீனிக் கலவை. டின்னின் மூடிக்குக் கீழே சிறிய உறையில் 7 கிராம் ஈஸ்ட். பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படித்தோமே, அதே சாமான்தான்.

டின்னுக்குள் இருப்பது தேன்போலக் கெட்டியான, கறுத்த பாகு. பார்லியை முளைக்கவைத்து, உலர்த்தி, அரைத்து, ஏறத்தாழ 65 பாகைச் சூட்டு நீரில் ஊறவைத்தால் அதன் மாச்சத்து தானாகவே சீனியாக மாறுகிறது. அந்த நீரை வடித்தெடுத்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூக்களின் சாரம் சேர்த்து, நீரை வற்றச் செய்தால் இந்தப் பாகு கிடைக்கும். பியர் போடும் வேலையில் நெருப்பும் பெரிய பானைகளும் தேவைப்படும் பாதியைத் தொழிற்சாலையே செய்து முடித்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து சேர்வது மறுபாதி: தண்ணீர், சூடு, சுத்தம், காத்திருப்பு. இது அரைகுறை வேலை, உண்மையான பியர் போடுவோர் பார்லியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பியரை நல்லதாக்குவதும் கெடுப்பதும் பெரும்பாலும் அந்த மறுபாதியில்தான் நடக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் தன் கவனம் முழுவதையும் அதில் வைக்க இந்த டின் இடம் கொடுக்கிறது.

முதல் தொட்டியைச் செப்டெம்பர் கடைசியில் போட்டேன். டின்னைச் சுடுநீரில் பத்து நிமிடம் வைத்து இளக்கி, இரண்டு லீற்றர் கொதிநீரில் பாகையும் சீனிக் கலவையையும் கரைத்து, குளிர்ந்த நீரை 23 லீற்றர் கோடுவரை ஊற்றி, சூடு 20 பாகைக்கு வந்ததும் ஈஸ்டைத் தூவி மூடினேன். முக்கால் மணித்தியால வேலை. மறுநாள் காலை ஒன்றும் நடக்கவில்லை. அன்று மாலை வேலையால் வந்து மூடிக்கு மேலே முகத்தை வைத்தேன். பாண் பேக்கரியின் பின்கதவில் வருமே, அந்த வாசம். உள்ளே நான்கு விரற்கடை உயரத்துக்கு மண்ணிற நுரை. நான் அந்தக் கராஜில் வெகுநேரம் நின்றேன். கரவெட்டியில் அம்மம்மா வீட்டு அடுப்படியில் இரவு அப்பமாவுக்குப் போட்ட கள்ளு விடியற்காலையில் என்ன செய்திருக்கும் என்று சட்டியைத் திறந்து பார்க்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இருந்த அதே நெஞ்சுத் துடிப்பு.

அம்மம்மா கள்ளின் தெளிவை அப்புவுக்குக் கொடுத்துவிட்டு, முட்டியின் அடியில் தங்கும் மண்டியைத்தான் அப்பத்துக்கு எடுப்பார். ஏன் மண்டி என்று கேட்டால், "அதில்தான் உயிர் இருக்கிறது" என்பார். அது வெறும் சொல் வழக்கு என்று நினைத்திருந்தேன். என் பியர்ப் போத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் மண்டியும் அதே உயிர்தான், ஈஸ்ட்.

இந்த நிறுவனத்தின் பழைய கதையும் வீட்டில்தான் தொடங்குகிறது. யோர்க்‌ஷயரிலிருந்து கப்பலில் வந்த தோமஸ் கூப்பர் செருப்புத் தைக்கும் தொழில் தெரிந்தவர். மனைவி ஆன் நோயுற்றிருந்தபோது அவருக்கு மருந்தாக ஊரிலிருந்து அறிந்த முறைப்படி ஏல் என்ற பியர் வகையைப் போட்டுக் கொடுத்தார், அது அக்கம்பக்கத்தாருக்குப் பிடித்துப்போய் 1862-இல் தொழிலானது என்று அந்தக் குடும்பத்தில் சொல்கிறார்கள். இன்றும் அது குடும்ப நிறுவனம். ரீஜென்சி பார்க்கில் இருக்கும் அவர்களுடைய ஆலையைக் கடந்துதான் நான் சில நாட்கள் வேலைக்குப் போகிறேன். பெரிய உருக்குத் தொட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நோயாளிப் பெண்ணின் நினைவு வரும்.

சுத்தத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். பதினேழு வருடமாக ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, அழுக்கு எடுப்பது வேறு, கிருமி எடுப்பது வேறு, முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்ய முடியாது என்பது. பியர் தொட்டிக்கும் இது அப்படியே பொருந்தும். முதலில் மென்மையான துணியால் கழுவ வேண்டும். கம்பித் தேய்ப்பானைப் பிளாஸ்டிக்கின் மேல் வைக்கவே கூடாது, அது போடும் கீறல்களுக்குள் கிருமி குடியேறிவிட்டால் எந்த மருந்தும் எட்டாது. ஒட்டிக் காய்ந்த நுரைக்குச் சோடியம் பெர்காபனேற்றைச் சுடுநீரில் கரைத்து இரவு முழுவதும் ஊறவிடுகிறேன். அதன் பிறகுதான் கிருமிநீக்கி. அலசத் தேவையில்லாத அமில வகை ஒன்றைத் தெளித்து, நுரை வடியவிட்டு, அப்படியே பாகை ஊற்றுகிறேன். வாசனை போட்ட பாத்திரச் சவர்க்காரத்தை இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

இத்தனை தெரிந்திருந்தும் ஏழாவது தொட்டி புளித்துப் போனது. தொட்டி, மூடி, கரண்டி எல்லாவற்றையும் பார்த்த நான் அடிக்குழாயைக் கழற்றிப் பார்க்கவில்லை. திருகுக்குள் முந்தைய தொட்டியின் எச்சம் பச்சையாகக் காய்ந்து இருந்தது. வேலையிடத்தில் ஒரு கருவியின் மூட்டைப் பிரிக்காமல் கழுவினால் அதைத் திருப்பி அனுப்பும் ஆள் நான். அன்று மிகவும் மனம் வருந்தினேன். இப்போது ஒவ்வொரு முறையும் குழாயை இரண்டாகப் பிரித்துக் கழுவிய பின்புதான் மற்ற வேலை.

அடுத்தது சூடு. இந்தப் பெட்டியை வாங்குபவர் எல்லோருக்கும் நான் முதலில் கொடுக்கும் அறிவுரை, ஜனவரியில் தொடங்காதீர்கள் என்பதுதான். அடிலெய்டு கோடையில் 40 பாகை தாண்டும் நாட்கள் அடுத்தடுத்து வரும். என் ஐந்தாவது தொட்டி அப்படியொரு வாரத்தில் கராஜில் இருந்தது. தொட்டியில் ஒட்டிய வெப்பமானி 31 காட்டியது. ஈஸ்ட் இரண்டு நாளில் வேலையை முடித்துவிட்டது. ஆனால் கனிந்து வெடித்த வாழைப்பழமும் நகப்பூச்சு நீக்கியும் கலந்த மணம். ருசித்த கணவர் அரைக் கிளாசோடு வைத்துவிட்டார். ஈஸ்ட் சூட்டில் அவசரப்பட்டால் பழ மணம் தரும் எஸ்தர்களையும் கனமான மதுசாரங்களையும் கூடுதலாக உண்டாக்கும். குளிரில் வைத்தால் தூங்கிவிடும். நான் 18-க்கும் 20-க்கும் இடையில் வைக்கிறேன்.

இந்த ஊரில் தோசைமாவுக்கும் பியருக்கும் எதிரெதிர் வைத்தியம். குளிர்காலமான ஜூலை மாதத்தில் மா பொங்காது, வெதுப்படுப்புக்குள் (ஓவன்) வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுவேன். ஜனவரியில் பியருக்குக் குளிர்ச்சி தேடுவேன். முதல் இரண்டு வருடம் குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் பியர்த் தொட்டியை இறக்கி, ஈரத்துவாயால் சுற்றி, உறையவைத்த இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாற்றிப் போட்டேன். அது போதும், 30 பாகை நாளிலும் 20-இல் நிற்கும். இப்போது பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றும், சூடு கூடினால் மின்சாரத்தைப் போட்டும் குறைந்தால் அணைத்தும் வைக்கும் சிறு கருவி ஒன்றும் இருக்கின்றன. பணம் செலவழிக்க விரும்புபவர் வேறு எதற்கும் முன்னால் இதற்குச் செலவழியுங்கள். பியரின் தரம் ஒரே மாதத்தில் ஏறியது என்றால் அது இதனால்தான்.

எப்போது போத்தலில் அடைப்பது என்பதை நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. நீரமானி அதற்குத்தான். சீனி கரைந்த நீர் அடர்த்தியானது, அதில் நீரமானி உயர மிதக்கும். ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன அது கீழே இறங்கும். என் முதல் லாகர் 1.038-இல் தொடங்கி 1.009-இல் நின்றது. இரண்டு எண்களின் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் மதுசாரச் சதவீதம் வந்துவிடும், அதாவது 3.8. போத்தலில் போடும் வில்லை இன்னும் கொஞ்சம் கூட்டும். இரண்டு நாள் இடைவெளியில் ஒரே எண் வந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். நீரமானியைச் சுழற்றிவிட்டுப் பாருங்கள், வாயுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும்.

இதில் நான் அவசரப்பட்டது ஒரே ஒரு முறை. மகன் மெல்பேர்னிலிருந்து வருகிறான் என்று 1.016-இல் இருந்ததை முடிந்துவிட்டது என்று அடைத்துவிட்டேன். பத்தாவது நாள் போத்தல்கள் கல்லைப்போல இறுகியிருந்தன. மூடியைத் திருகியதும் கூரைவரை அடித்தது. கண்ணாடிப் போத்தலாக இருந்திருந்தால் வெடித்திருக்கும், யாருடைய கண்ணிலாவது பட்டிருக்கும். இந்தப் பெட்டியில் பிளாஸ்டிக் போத்தல் கொடுப்பதை மலிவுக்காக என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கையால் அமுக்கிப் பார்த்தே உள்ளே வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், சேர்ந்தது அதிகமென்றால் மூடியை மெல்லத் தளர்த்திவிடலாம். புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

சாதாரணமாக ஒரு போத்தலுக்கு இரண்டு வில்லை. மூடி, அறைச் சூட்டில் இரண்டு வாரம் வைத்தால் மீதமுள்ள ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று காபனீரொட்சைட்டு வாயுவை விடும், அது வெளியேற வழியில்லாமல் பியருக்குள் கரையும். இரண்டு வாரத்தில் குடிக்கலாம். ஆறு வாரத்தில் நன்றாக இருக்கும். மூன்று மாதம் ஒளித்து வைக்க முடிந்தவர் கொடுத்துவைத்தவர்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. கடையில் இத்தனை பியர் இருக்க, வீட்டில் ஏன்?

காசுதான் முதற் காரணம் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. டின், சீனிக் கலவை, வில்லை எல்லாம் சேர்த்து எனக்கு ஏறத்தாழ முப்பது டொலர். முப்பது போத்தல் கிடைக்கிறது, போத்தலுக்கு ஒரு டொலர். கடைப் பியரின் மேல் அரசாங்கம் விதிக்கும் தீர்வை விலைவாசியோடு சேர்ந்து பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும் மாறும். வீட்டில் சொந்தப் பாவனைக்குப் போடும் பியருக்கு அந்தத் தீர்வை கிடையாது. ஆனால் விற்கக் கூடாது. நம்மவர் கொண்டாட்டங்களுக்கு "பத்துப் போத்தல் தாருங்கள், காசு தருகிறோம்" என்று கேட்பவர்களிடம் நான் கண்டிப்பாக மறுத்துவிடுகிறேன்.

ஆனால் காசு மட்டும் காரணமாக இருந்தால் யாரும் இரண்டு வருடத்துக்குமேல் இதைச் செய்யமாட்டார்கள். எங்கள் அடுத்த வீட்டுக்காரர் எலிசபெத் என்ற புறநகரில் இருந்த கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த காலத்தில், சம்பளம் போதாமல் பியர் போடத் தொடங்கியவர். இப்போது அவருக்கு வீட்டுக் கடன் இல்லை, ஓய்வூதியம் வருகிறது. இன்னமும் மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி. ஏன் என்று கேட்டேன். "என்னுடைய பியரை எந்தக் கடையிலும் விற்பதில்லையே" என்றார். அந்தப் பதில் எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்க மூன்று வருடம் எடுத்தது.

அவருடைய இளமையில் இது சட்டப்படி குற்றம் என்பதையும் அவர்தான் சொன்னார். மிக மெல்லிய பியரைத் தவிர வேறெதையும் வீட்டில் போட அவுஸ்திரேலியாவில் அனுமதி இருக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பிரதமர் விட்லமின் அரசாங்கம்தான் அந்தத் தடையை எடுத்தது. இங்கிலாந்தில் அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டிய கட்டாயம் 1963-இல் போனது. அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட பின்தான் நடுவண் சட்டம் இடம் கொடுத்தது, மாநிலங்கள் எல்லாம் ஒத்துக்கொள்ள 2013 ஆனது. சொந்த அடுப்படியில் தானியத்தைப் புளிக்கவைக்க இவ்வளவு காலம் அனுமதி கேட்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மச்சாள் இதைக் கேள்விப்பட்டுப் பதறிப்போய் அழைத்தாள். "கசிப்புக் காய்ச்சுகிறாயாமே! கண் போய்விடாதா?" அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இந்தப் பயம் இருக்கிறது. கசிப்பு காய்ச்சி வடிப்பது. வடித்தால் மதுசாரத்தோடு நஞ்சும் ஓரிடத்தில் சேரும் அபாயம் உண்டு, கலப்படமும் உண்டு. அனுமதியில்லாமல் வடிப்பது, வீட்டுத் தேவைக்கென்றாலும், இந்த நாட்டிலும் குற்றம். பியர் வெறுமனே புளிக்கவிடுவது, கள்ளைப்போல. ஈஸ்ட் தன் அளவோடு நின்றுவிடும். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் கள்ளு என்று சொல்லு" என்றாள்.

ஆனால் கள்ளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பனையில் முட்டி கட்டியதுமே காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியிலும் இருக்கும் ஈஸ்டும் பக்டீரியாவும் ஒன்றாக இறங்கிவிடுகின்றன. அதனால்தான் காலையில் இனிப்பாக இருக்கும் கள்ளு மாலையில் கடுத்து, மறுநாள் வினாகிரிப் பக்கம் போகிறது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அவை வேலை செய்யாது, புளிக்காத இனிப்பான கருப்பணி கிடைக்கும். பியரில் கொதிநீரும் கிருமிநீக்கியும் மற்றவற்றை விலக்குகின்றன, ஹொப்ஸின் கசப்பு பல பக்டீரியாக்களைத் தடுக்கிறது, நாம் தூவிய ஈஸ்ட் மட்டும் தனியாக ஆளுகிறது. ஆகவே அது மாதக்கணக்கில் நிற்கிறது. தவறணைக்குக் காலையிலும் மாலையிலும் ஏன் கள்ளு இறக்கி வந்தார்கள் என்பதற்கு விடை எனக்கு ஐம்பது வயதில் அடிலெய்டு கராஜில் கிடைத்தது.

மூன்றாவது வருடம் கணவர் ஒரு நாள் லயன் ஸ்டவுட் என்ற இலங்கைக் கறுப்புப் பியரை நினைத்துக்கொண்டார். இங்கே அது சில கடைகளில் எப்போதாவது வரும். அவர் தேடியது அதைக்கூட அல்ல. இளவயதில் கொழும்பில் நண்பர்களோடு அதைக் குடித்தபோது பக்கத்தில் ஒருவர் பனங்கட்டியைக் கடித்துக்கொள்வாராம். அந்தக் கசப்பும் இந்த இனிப்பும் ஒன்றாக வாயில் இருந்த ருசி. "அப்படி ஒன்று எங்கும் கிடைக்காது" என்றார். கிடைக்காது என்ற சொல்லில் என் மனம் நின்றது.

கூப்பர்ஸின் ஸ்டவுட் டின் ஒன்று வாங்கினேன். அவர்களுடைய டின் வகைகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, கறுப்புக் கோப்பியும் தீய்ந்த பாணும் போன்ற அழுத்தமான மணம். சீனிக் கலவையை விட்டுவிட்டு, ஒரு கிலோ உலர்ந்த மோல்ற் மாவும் (முளைத்த பார்லியின் சாரத்தை உலர்த்திய தூள்), தமிழ்க் கடையில் ஓலைக் குட்டானோடு வாங்கிய பனங்கட்டி 500 கிராமும் போட்டேன். பனங்கட்டியைத் தனியாகக் கொதிக்கவைத்து, துணியில் வடித்து, தும்பும் மணலும் நீக்கியே சேர்க்க வேண்டும். தண்ணீர் 20 லீற்றர் மட்டும். நீரமானி 1.052 காட்டியது. பன்னிரண்டு நாளில் 1.014-க்கு வந்து நின்றது. 5 சதவீதம்.

பனங்கட்டியின் இனிப்பை ஈஸ்ட் அநேகமாக முழுவதும் தின்றுவிடுகிறது. இனிப்பு வரும் என்று எதிர்பார்த்தவர் ஏமாறுவார். எஞ்சுவது மணம்: காய்ச்சும்போது பனம்பாணி லேசாக அடிப்பிடித்தால் வருமே, புகையும் மண்ணும் கலந்த அந்த மணம். பத்தாவது வாரம் ஒரு போத்தலைத் திறந்தோம். நுரை கருப்பட்டி நிறம். கணவர் ஒரு மிடறு குடித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது மிடறுக்குப் பிறகு, நான் ஒருபோதும் கேட்டிராத அந்த நண்பரின் பெயரைச் சொன்னார். அவர் இப்போது உயிரோடு இல்லை. அன்று இரவு பதினொரு மணிவரை அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நான் அதிகம் குடிப்பதில்லை, அன்று ஒரு கிளாஸ் முழுவதும் குடித்தேன். அடுத்த வீட்டுக்காரர் சொன்னது அப்போதுதான் விளங்கியது.

இப்படிச் சொல்வதால் இதை எல்லோருக்கும் நான் பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ருசி வேண்டும் என்பவர் கடையிலேயே வாங்கலாம். சிறிய அடுக்குமாடி வீட்டில் முப்பது போத்தல் வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். குடியை விட முயற்சி செய்பவர் இருக்கும் வீட்டுக்குள் இந்தத் தொட்டியைக் கொண்டுவராதீர்கள், பரிசாகக்கூட. அந்த வீட்டில் 22 லீற்றர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது கொடுமை. நான் ஒவ்வொரு போத்தலிலும் தேதியோடு அளவையும் எழுதி ஒட்டுகிறேன். இந்த நாட்டுக் கணக்கில் 10 கிராம் மதுசாரம் ஓர் அளவு. என் ஸ்டவுட் ஒரு போத்தலில் மூன்று அளவு இருக்கிறது. கடைப் போத்தலில் அச்சடித்திருப்பார்கள், வீட்டுப் போத்தலில் நாம் எழுதாவிட்டால் வந்தவர் அறியாமல் காரை எடுத்துவிடுவார்.

பெட்டியில் வரும் லாகரைப் பற்றிக் கேட்டால், தொடங்குவதற்கு நல்லது, தெளிவாக, லேசாக வரும். வெறும் வெள்ளைச் சீனியைச் சேர்த்தால் உடல் மெலிந்து தண்ணீராகத் தோன்றும். உலர்ந்த மோல்ற் மாவு பத்து டொலருக்குமேல் கூடச் செலவு, ஆனால் பியர் வாயில் நிற்கும். மூன்றாவது தொட்டியிலிருந்து அதற்கு மாறுங்கள். தண்ணீரில் குளோரின் மணம் இருந்தால் முதல் நாளே பிடித்துத் திறந்துவையுங்கள் அல்லது வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாசம் பியரில் ஏறும். இன்னொரு மலிவான நிறுவனத்தின் தொட்டி ஒன்றையும் இடையில் வாங்கினேன், அதன் குழாய் முதல் வாரமே ஒழுகி ஆறு லீற்றரைக் கராஜ் தரைக்குக் கொடுத்தது. மகன் கொடுத்த தொட்டி ஐந்து வருடமாக ஒரு துளி விடவில்லை. குழாயின் றப்பர் வளையத்தை மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

கொஞ்சம் பழகியவர்களுக்கு ஒரு செய்தி. கூப்பர்ஸ் கடைகளில் விற்கும் பேல் ஏல் என்ற பியரிலும் போத்தலின் அடியில் மண்டி இருக்கும். இங்கே பலர் திறப்பதற்கு முன் போத்தலை மேசையில் உருட்டி அந்த மண்டியைக் கலக்கிவிட்டே குடிப்பார்கள். நான் இரண்டு மூன்று போத்தல்களின் தெளிவைக் கணவருக்கு ஊற்றிவிட்டு, மண்டியை மட்டும் கிருமிநீக்கிய போத்தலில் சேர்த்து, ஆறவைத்த மோல்ற் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். மூன்றாம் நாள் நுரைத்தது. அந்த ஈஸ்டை வைத்துப் போட்ட தொட்டியில் லேசான பேரிக்காய் மணம் வந்தது. உறையில் வரும் ஈஸ்டைவிட அதுதான் எனக்குப் பிடிக்கிறது. அதன் மண்டியில் இரண்டு கரண்டி எடுத்து ஒரு சனிக்கிழமை அப்பமாவும் கரைத்தேன். ஓரம் மொறுமொறுப்பாக, நடு பஞ்சாக வந்தது. ஹொப்ஸின் கசப்பு கொஞ்சம் தெரிந்தது. அடுத்த முறை மண்டியைக் குளிர்ந்த நீரில் இரண்டு தடவை அலசிவிட்டுப் போட்டேன், கசப்பு போய்விட்டது.

தற்போது தொட்டியில் இருப்பது முப்பத்திரண்டாவது, மறுபடியும் பனங்கட்டி ஸ்டவுட். இம்முறை 700 கிராம் போட்டிருக்கிறேன். இன்று காலை நீரமானி 1.015. வியாழக்கிழமையும் அதே எண் வந்தால் போத்தல்களை ஊறப்போடுவேன். நத்தாருக்கு மகன் வருகிறான், அதற்குள் பத்து வாரம் இருக்கிறது.